என் கண்ணாலே கண்டேன் என்கிறீர்களே!

(வேத பாடம்)

வாசிக்க வேண்டிய பகுதிகள்: எண்ணாகமம் 13, 14 அதிகாரங்கள், மாற்கு 8:22-26, யோவான் 9:1-3, அப்போஸ்தலர் 14:8-20, 28:1-6



கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். நாம் எல்லாருமே தலையை ஆட்டி ஒத்துக்கொள்வோம். ஆனால் சபையிலே ஒரு மனஸ்தாபம் வந்துவிட்டால் மட்டும் என்ன சொல்றோம்? "பாஸ்டர், நான் யார் சொல்லியும் கேட்கல. என் கண்ணாலே பார்த்தேன்!" அதற்குமேல் பேச்சுக்கு இடமில்லை. கண்ணாலே பார்த்துவிட்டால் தீர்ப்பு எழுதியாயிற்று.

வேதத்தைப் பாருங்கள். யோவான் 12ம் அதிகாரத்தில் வானத்திலிருந்து ஒரு சத்தம் வருகிறது. அங்கே நின்ற ஜனங்களில் சிலர் இடி முழங்கிற்று என்கிறார்கள். வேறு சிலர் தேவதூதன் பேசினான் என்கிறார்கள். பெந்தெகொஸ்தே நாளிலே பரிசுத்த ஆவியானவர் இறங்கினபோது சிலர் பிரமித்தார்கள், சிலர் குடிவெறி என்று பரிகாசம் பண்ணினார்கள். சத்தம் ஒன்று, சம்பவம் ஒன்று. கேட்டவர்களுக்கும் கண்டவர்களுக்கும் அது ஒன்றாகத் தோன்றவில்லை. ஏன்? இந்தப் பாடத்தில் அதைத்தான் தியானிக்கப் போகிறோம். இது வெறும் அறிவு வளர்ச்சிக்கான பாடம் அல்ல. நாம் "கண்டேன்" என்று சொல்கிற ஒரு வார்த்தையிலே ஒருவருடைய நல்ல பெயர் போய்விடலாம்; சில நேரம் உயிரே போய்விடலாம்.

1. கண் இருந்தால் மட்டும் போதாது

இங்கிலாந்திலே பத்து மாதக் குழந்தையாயிருக்கும்போதே பார்வை இழந்த ஒரு மனிதர் இருந்தார். 1958ம் ஆண்டு, அவருக்கு 52 வயதாயிருக்கும்போது, கருவிழி மாற்று அறுவை சிகிச்சை செய்தார்கள். கட்டு அவிழ்த்தார்கள். உடனே எல்லாவற்றையும் நம்மைப் போலக் கண்டார் என்று நினைக்கிறீர்களா? இல்லை. டாக்டருடைய குரல் வந்த திசையிலே திரும்பினார். தெரிந்தது ஒரு கலங்கல் மாத்திரமே. குரல் வருவதால் அது முகமாயிருக்க வேண்டும் என்று ஊகித்துக்கொண்டார். ஆனால் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்து மணி சொன்னார்! எப்படி? பார்வையில்லாத காலத்திலே கண்ணாடி இல்லாத கடிகாரத்தின் முள்ளைத் தடவித் தடவி மணி அறிந்து பழகியிருந்தார். விரல் கற்றுக்கொண்டதைக் கண் உடனே கண்டுகொண்டது. விரலுக்குத் தெரியாத முகம் கண்ணுக்கும் விளங்கவில்லை. ரிச்சர்ட் கிரிகரி என்ற மனோதத்துவ அறிஞரும் அவருடைய உதவியாளரும் இதை ஆராய்ந்து 1963ல் எழுதினார்கள்.

இப்போது மாற்கு 8ம் அதிகாரத்துக்கு வாருங்கள். பெத்சாயிதாவிலே ஆண்டவர் ஒரு குருடனைத் தொட்டார். அவன் ஏறிட்டுப் பார்த்து, மனுஷர் நடக்கிறார்கள், ஆனால் மரங்களைப் போல இருக்கிறார்கள் என்றான். ஆண்டவர் மறுபடியும் கைகளை வைத்தார். அதற்குப் பிறகுதான் தெளிவாகக் கண்டான். ஒரே வார்த்தையில் சுகமாக்க வல்லவர் ஏன் இரண்டு முறை தொட்டார் என்பதற்கு வேத பண்டிதர்கள் பல விளக்கம் தருவார்கள். நமக்கு இங்கே ஒரு காரியம் போதும். வெளிச்சம் கண்ணுக்குள் வருவது ஒன்று; வந்ததை இன்னது என்று அறிந்துகொள்வது வேறொன்று. இந்த இரண்டாவது வேலையிலே நம் ஊரும், நம் நம்பிக்கையும், நம் பழைய அனுபவமும் நமக்குத் தெரியாமலே உள்ளே புகுந்து வேலை செய்கின்றன.

2. வளர்ந்த இடம் நம் பார்வைக்குள் இருக்கிறது

உங்கள் நோட்டிலே ஒரே நீளத்துக்கு இரண்டு கோடுகள் வரையுங்கள். முதல் கோட்டின் இரு முனையிலும் அம்பு முனையைப் போல உள்பக்கம் மடங்கிய சிறு கோடுகள் போடுங்கள். இரண்டாவது கோட்டின் முனைகளில் வெளிப்பக்கம் விரிந்த சிறு கோடுகள் போடுங்கள். இரண்டாவதுதானே நீளமாகத் தெரிகிறது? ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், இரண்டும் ஒன்றுதான். 1889ல் முல்லர் லயர் என்ற ஜெர்மானியர் வெளியிட்ட படம் இது.

ரிவர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1898ல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள டோரஸ் ஜலசந்தித் தீவு மக்களிடத்திலும், அதற்குப் பிறகு 1901, 1902ல் நம் நீலகிரி மலையிலே தோடர்களிடத்திலும் இதைச் சோதித்தார். படித்த ஆங்கிலேயர் இந்தப் படத்திலே ஏமாந்த அளவுக்கு இவர்கள் ஏமாறவில்லை! அப்படியானால் இவர்கள் கண்தான் சிறந்த கண்ணா? அதுவும் இல்லை. நிற்கிற கோடு படுத்திருக்கிற கோட்டைவிட நீளமாகத் தோன்றும் இன்னொரு படத்திலே, இவர்கள்தான் ஆங்கிலேயரைவிட அதிகமாய் ஏமாந்தார்கள். 1966ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூன்று பேர் ஆப்பிரிக்கா முதலிய பல தேசங்களில் இதைச் சோதித்து, ஜனத்துக்கு ஜனம் வித்தியாசம் இருக்கிறது என்று எழுதினார்கள். சதுரமான அறைகளும் நேரான மூலைகளும் நிறைந்த ஊரிலே வளர்வதுதான் காரணம் என்றார்கள். அந்த விளக்கத்தை எல்லா அறிஞரும் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஏமாறாத கண் எந்த ஜாதி ஜனத்துக்கும் இல்லை. அவரவர் ஏமாறுகிற இடம்தான் வேறு வேறு.

லீஸ்திரா பட்டணத்தைக் கவனியுங்கள் (அப். 14). பிறவியிலேயே சப்பாணியாயிருந்தவன் பவுலின் சத்தத்துக்குக் குதித்தெழுந்து நடந்தான். அற்புதம் உண்மை. ஜனங்கள் கண்டதும் உண்மை. ஆனால் என்ன கண்டதாகச் சொன்னார்கள்? தேவர்கள் மனுஷ ரூபத்தில் இறங்கி வந்தார்கள் என்றார்கள். பர்னபா யூப்பித்தராம், பேச்சை நடத்தின பவுல் மெர்க்கூரியாம்! காளைகளும் பூமாலைகளும் வாசலுக்கே வந்துவிட்டன.

ஏன் இந்த இரண்டு பெயர்? இந்த இரண்டு தெய்வங்களும் மாறுவேஷத்தில் பிரிகியா நாட்டுக்கு வந்ததாகவும், வீடு வீடாய்த் தட்டியும் ஏழைக் கிழவனும் கிழவியும் மாத்திரமே ஏற்றுக்கொண்டதாகவும், மற்ற வீடுகளெல்லாம் தண்ணீரில் அழிந்ததாகவும் ஒரு பழங்கதை உண்டு. ஓவித் என்ற ரோமக் கவிஞர் அதை எழுதியிருக்கிறார். அந்தப் பிரதேசம் லீஸ்திராவுக்குத் தூரம் அல்ல. இந்த இரண்டு தெய்வங்களின் பெயரும் சேர்ந்து பொறித்த பழைய கல்வெட்டும் லீஸ்திராவுக்கு அருகே கிடைத்திருக்கிறது. ஆகவே அந்த ஜனங்கள் புத்தியில்லாதவர்கள் அல்ல. தாத்தா பாட்டி சொல்லிக்கொடுத்த கதையைக் கொண்டுதான் தேவனுடைய அற்புதத்துக்கும் அர்த்தம் சொன்னார்கள். அவர்களுக்கு வேறு கதை தெரியாது. அதே ஜனத்தை வெளியூரார் வந்து பேசி மாற்றினார்கள். பவுலைக் கல்லெறிந்து ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள்.

3. நம்பிக்கை முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லும்

மெலித்தா தீவிலே என்ன நடந்தது? (அப். 28). பவுல் விறகு அள்ளிப்போட, விரியன் பாம்பு கையைக் கவ்வியது. உடனே அந்தத் தீவார், இவன் கொலைகாரன், கடலுக்குத் தப்பினாலும் பழி விடவில்லை என்று முடிவு கட்டினார்கள். வீங்குவான், விழுவான் என்று காத்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. உடனே என்ன சொன்னார்கள்? இவன் தேவன் என்றார்கள்! கொலைகாரன் தெய்வமாவதற்குச் சிறிது நேரம் போதுமாயிருந்தது. பவுலோ கொலைகாரனும் அல்ல, தெய்வமும் அல்ல. கைதியாகக் கொண்டுபோகப்பட்ட ஒரு ஊழியக்காரன். அந்த மூன்றாவது விடையை அவர்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. துன்பம் வந்தால் பாவி, தப்பினால் தெய்வீகம் என்ற கணக்கு அவர்கள் மனதில் முன்னமே இருந்தது.

அஞ்ஞானிகள்தானே அப்படி என்று சொல்லிவிடாதேயுங்கள். யோவான் 9ம் அதிகாரத்திலே பிறவிக்குருடனைக் கண்டு, இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று கேட்டவர்கள் ஆண்டவரோடேகூட நடந்த சீஷர்கள்! அவர்களுக்கும் இரண்டே விடைதான் தெரிந்திருந்தது. ஆண்டவர் இரண்டையும் தள்ளிவிட்டார்.

தேவபிள்ளையே, இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஒரு வீட்டிலே வாலிபப் பிள்ளை திடீரென்று விழுந்து கை கால் இழுக்கிறது, வாயில் நுரை தள்ளுகிறது. நாம் கண்டது அவ்வளவுதான். ஆனால் நாம் என்ன சொல்றோம்? "அசுத்த ஆவி." பக்கத்து வீட்டார், "செய்வினை." உறவுக்காரர், "குடும்ப சாபம்." ஆளுக்கொரு தீர்ப்பு. அந்தப் பிள்ளைக்கு வலிப்பு வியாதியாயிருந்தால்? சரியாகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால், வலிப்பு வியாதி உள்ளவர்களில் 100க்கு 70 பேர் வரை வலிப்பு வராமலே வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலோ, விடாமல் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

மத்தேயு 4:24 பாருங்கள். ஆண்டவரிடத்தில் கொண்டுவரப்பட்டவர்களில் பிசாசு பிடித்தவர்கள் ஒரு வகை, சந்திரரோகிகள் வேறு வகை, திமிர்வாதக்காரர் வேறு வகை என்று வேதமே பிரித்துச் சொல்கிறது. மத்தேயு 17ம் அதிகாரத்திலே ஒரு சந்திரரோகிக்குப் பிசாசும் இருந்தது என்பது மெய்தான். ஆனால் அதைச் சொன்னவர் சகலத்தையும் அறிந்த ஆண்டவர். நாம் ஒரு முறை பார்த்துவிட்டுச் சொல்லத் துணியலாமா? ஜெபியுங்கள், கை வைத்து ஜெபியுங்கள், சுகமாக்குகிற தேவன் இன்றும் ஜீவிக்கிறார். அதே சமயம் டாக்டரிடம் கொண்டு போங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லாதேயுங்கள். அந்தப் பிள்ளையின் தாய் முகத்தைப் பார்த்து "உங்க வீட்ல ஏதோ பாவம் இருக்கு" என்று சொல்லாதேயுங்கள்.

நம் கட்சி, நம் ஆட்கள் என்ற பற்றுதலும் இப்படியே கண்ணை மாற்றும். 1951ல் அமெரிக்காவிலே பிரின்ஸ்டன், டார்ட்மவுத் என்ற இரண்டு பல்கலைக்கழக அணிகள் கால்பந்து ஆடின. முரட்டு ஆட்டம். ஒரு அணியிலே ஒருவருக்கு மூக்கு உடைந்தது, அடுத்த அணியிலே ஒருவருக்குக் கால் முறிந்தது. பிற்பாடு ஆட்டத்தின் படத்தை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, டார்ட்மவுத் அணி செய்த தவறுகளை எண்ணச் சொன்னார்கள். பிரின்ஸ்டன் மாணவர்கள் சராசரி 9.8 கண்டார்கள். டார்ட்மவுத் மாணவர்கள் கண்டது 4.3. படம் ஒன்றே! இந்த ஆராய்ச்சி 1954ல் வெளிவந்தது. நாம் அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியதில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் வீட்டிலேயே இந்தப் பாடம் இருக்கிறது.

4. அனுபவம் கண்ணுக்கு அளவுகோல் வைக்கிறது

காங்கோ தேசத்து இத்தூரி காட்டிலே குள்ளமான ஜனங்கள் வாழ்கிறார்கள். அடர்ந்த காடு, எந்தப் பக்கம் பார்த்தாலும் கொஞ்ச தூரத்துக்குமேல் மரம் மறைத்துவிடும். காலின் டர்ன்புல் என்ற ஆராய்ச்சியாளர், கெங்கே என்ற காட்டுவாசி வாலிபனை வெளியே வெட்டவெளிக்கு அழைத்துக்கொண்டு போனார். வெகு தூரத்தில் காட்டெருமைகள் மேய்ந்தன. கெங்கே பார்த்துவிட்டு, அது என்ன பூச்சி என்று கேட்டான்! எருமை என்று சொன்னதற்குச் சிரித்துவிட்டான், பொய் சொல்லாதே என்றான். வண்டி கிட்டே போகப் போக அவை பெரிதாகிக்கொண்டே வந்தன. இது ஏதோ மந்திரம் என்றுகூட நினைத்தான். 1961ல் வெளிவந்த தம் புத்தகத்தில் டர்ன்புல் இதை எழுதியிருக்கிறார். கெங்கேயின் கண்ணில் குறை இல்லை. அவ்வளவு தூரத்தை அந்தக் கண் அதுவரை கண்டதில்லை.

இப்போது எண்ணாகமம் 13. பன்னிரண்டு பேர், ஒரே தேசம், ஒரே நாற்பது நாள். எஸ்கோல் பள்ளத்தாக்கிலே இரண்டு பேர் தடிகட்டிச் சுமந்த அதே திராட்சக்குலையை எல்லாரும் கண்டார்கள். பத்துப் பேர் பொய் சொன்னார்களா? பட்டணங்கள் அரணானவை என்றார்கள், அது மெய். ஏனாக்கின் குமாரர் இருக்கிறார்கள் என்றார்கள், அதுவும் மெய். யோசுவாவும் காலேபும் அதை மறுக்கவில்லை. பத்துப் பேர் தவறினது எங்கே? தங்களைப் பார்த்ததிலே தவறினார்கள். எங்கள் பார்வைக்கு நாங்கள் வெட்டுக்கிளிகளைப் போல இருந்தோம் என்றதோடு நிறுத்தாமல், அவர்கள் பார்வைக்கும் அப்படியே இருந்தோம் என்றார்கள். அந்த இராட்சதர் மனதிலே நினைத்தது இவர்களுக்கு எப்படித் தெரியும்? யாராவது கேட்டார்களா?

எகிப்திலே அடிமையாய்ப் பிறந்து ஆளோட்டியின் அடிக்குப் பயந்து வளர்ந்த மனுஷர் அவர்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் யோசுவாவும் காலேபும் அதே எகிப்திலிருந்துதானே வந்தார்கள்? ஆம். பத்துப் பேரும் எகிப்தின் அனுபவத்தை வைத்துக் கானானை அளந்தார்கள். இந்த இரண்டு பேரும் செங்கடலின் அனுபவத்தை வைத்து அளந்தார்கள். இரண்டு அனுபவமும் எல்லாருக்கும் இருந்தது. எதை அளவுகோலாக எடுத்தோம் என்பதே வித்தியாசம். அந்த ஒரு தவறான பார்வைக்கு ஒரு தலைமுறையே நாற்பது வருஷம் வனாந்தரத்தில் அலைந்து மாண்டுபோயிற்று.

5. அப்படியானால் உண்மை என்று ஒன்று இல்லையா?

சிலர் இதைக் கேட்டுவிட்டு, "அவங்கவங்களுக்கு அவங்கவங்க உண்மை" என்று சொல்லிவிடுவார்கள். நாம் அப்படிச் சொல்லக்கூடாது. கெங்கே பூச்சி என்று சொன்னபோதும் அங்கே மேய்ந்தது எருமைதான். பத்துப் பேர் பயந்ததால் கானான் சுருங்கிப்போகவில்லை. லீஸ்திராவார் பூமாலை போட்டதால் பவுல் தெய்வமாகவில்லை. உண்மை அசையாமல் அங்கேயே நிற்கிறது. நம் பார்வைதான் அரைகுறை. அதனால்தான் பவுலும் இப்பொழுது நமக்குள்ள அறிவு கண்ணாடியில் மங்கலாய்த் தெரிகிற நிழல் போன்றது என்ற கருத்தில் கொரிந்தியருக்கு எழுதுகிறார் (1 கொரி. 13:12). மங்கல் என்று ஒத்துக்கொள்கிறவன் துடைத்துப் பார்ப்பான். மங்கல் இல்லை என்கிறவன் எதற்குத் துடைக்கப் போகிறான்?

6. நாம் செய்ய வேண்டியது

முதலாவது, கண்டதையும் முடிவு கட்டினதையும் பிரியுங்கள். ஒரு சகோதரி ஆராதனையிலே கை தட்டாமல் கண் மூடி உட்கார்ந்திருக்கிறார். கண்டது இவ்வளவே. "அபிஷேகம் குறைஞ்சுபோச்சு" என்பதும், "பெருமை" என்பதும் நாம் சேர்த்துக்கொண்டது. மில்லிலே இரவு ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போகாமல் நேரே சபைக்கு வந்தவராக இருக்கலாம். அமைதியாய்த் தொழுகிற சபையிலே வளர்ந்தவராக இருக்கலாம். சத்தம்தான் ஆவி என்று பழகின கண்ணுக்கு அவருடைய கண்ணீர் தெரியாது.

இரண்டாவது, கிட்டே போய்க் கேளுங்கள். கெங்கேக்குத் தூரத்திலே பூச்சியாய்த் தெரிந்தது, கிட்டே போனபோதுதான் எருமையாயிற்று. சோதோமின் கூக்குரல் தம் சமுகத்தில் எட்டினபோது, தாமே இறங்கிப்போய்ப் பார்த்தறிவேன் என்ற பொருளில் கர்த்தர் ஆபிரகாமிடம் பேசினார் (ஆதி. 18:20-21). எல்லாம் அறிந்தவரே அப்படிச் செய்தார் என்றால், தெருமுனையிலே கேட்டதை வைத்து நாம் தீர்ப்புச் சொல்லலாமா?

மூன்றாவது, எதிர்ப்பக்கம் நிற்கிறவரைப் பேச விடுங்கள். பேதுரு கொர்நேலியுவின் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டதைக் கேள்விப்பட்டு எருசலேமிலே வாக்குவாதம் பண்ணினார்கள். பேதுரு கோபப்படாமல் ஆதியோடந்தமாய் விவரித்தார். அவர்களும் கேட்டார்கள், கேட்டு அமர்ந்து தேவனை மகிமைப்படுத்தினார்கள் (அப். 11). அன்றைக்கு அவர்கள் காதை அடைத்திருந்தால் புறஜாதியாராகிய நமக்குக் கதவு என்னவாகியிருக்கும்?

நான்காவது, இரண்டாந்தரம் தொடும்படி கேளுங்கள். பெத்சாயிதாக் குருடன், "எனக்கு நல்லாத் தெரியுது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால், ஆயுள் முழுவதும் மனுஷரை மரமாகவே கண்டிருப்பான். தெரிந்ததைத் தெரிந்தபடியே சொன்னான், ஆண்டவர் மறுபடியும் தொட்டார்.

சிந்தித்துப் பதில் எழுத:

1. "என் கண்ணாலே கண்டேன்" என்று நீங்கள் கடைசியாகச் சொன்ன காரியத்திலே கண்டது எவ்வளவு, சேர்த்தது எவ்வளவு?
2. லீஸ்திராவார், மெலித்தா தீவார், பத்து வேவுகாரர் ஆகிய மூவரில் உங்கள் பார்வை யாரைப் போல இருக்கிறது?
3. தூரத்திலிருந்தே நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்ட ஒருவர் உண்டா? இந்த வாரம் அவர் வீட்டுப் படி ஏறுவீர்களா?

மனுஷன் முகத்தைப் பார்ப்பான், இருதயத்தைப் பார்க்கிறவர் கர்த்தர் ஒருவரே என்று சாமுவேல் தீர்க்கதரிசியே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நமக்கும் அந்தப் பார்வையைக் கர்த்தர்தாமே தந்து, உங்கள் குடும்பங்களையும் சபையையும் சமாதானத்தினால் நிரப்புவாராக. ஆமென்.